பதினைந்து நிமிட நிறுத்தம்

நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே, அது என் மனைவியின் இடம். ஐயோ, எழுந்திருக்காதீர்கள் அம்மா, அதற்காகச் சொல்லவில்லை. அவள் வரவில்லை. மகள் விமான டிக்கெட்டை மாற்றிவிட்டாள். ஜன்னல் எனக்கு, நடு இடம் அவளுக்கு என்று ஆறு மாதத்துக்கு முன்பே நான்தான் பார்த்துக் குறித்தேன். அவளுக்கு ஜன்னல் பிடிக்காது. பிடிக்காது என்று அவள் சொன்னதில்லை. எனக்குப் பிடிக்கும், அதனால் அவளுக்குப் பிடிக்காமல் போய்விட்டது. எங்கள் வீட்டில் எல்லாமே அப்படித்தான். சண்டை என்ற பேச்சே கிடையாது.

என் பெயர் சிதம்பரநாதன். பாளையங்கோட்டை. ரயில்வேயில் எஞ்சின் டிரைவர். முப்பத்தாறு வருஷம். கூட்ஸில் ஆரம்பித்து எக்ஸ்பிரஸில் முடித்தேன். ஒரு சிக்னலைத் தாண்டியதில்லை. ஒரு பயணியை விட்டுவிட்டுப் போனதில்லை. அதாவது, நேரத்துக்கு வந்த பயணியை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அமெரிக்காவில் என் மகள் இருக்கிற ஃபீனிக்ஸ் ஊர்த் தமிழ்க்காரர்களிடம் என்னைப் பற்றி ஒரு பேச்சு இருக்கிறது. பெண்டாட்டியைப் பாலைவனத்தில் விட்டுவிட்டு வந்த மனுஷன் என்று. கோயிலில் பொங்கல் வாங்க வரிசையில் நிற்கிறேன், பின்னால் இரண்டு பெண்கள், "இவருதாண்டி, இவருதான்" என்கிறார்கள். தொன்னையை வாங்காமலே வந்துவிட்டேன். நீங்கள் கல்லூரியில் பாடம் நடத்தியவர் என்றீர்களே, நியாயம் என்னவென்று நீங்களே சொல்லுங்கள்.

மார்ச் மாதம். மகள் வடிவு நாலு நாள் லீவு போட்டாள். மாப்பிள்ளை ஒரு வண்டி. அவர்களுடைய சிநேகிதர் தாமோதரன், கோயம்புத்தூர்க்காரர், அவரும் அவர் மனைவியும் இன்னொரு வண்டி. வடக்கே போய்ப் பாலைவனத்துப் பாறைகளையெல்லாம் பார்ப்பது என்று ஏற்பாடு. பாறையைப் பார்க்க ஆயிரம் மைலா என்று எனக்குத்தான் தோன்றியது. நம் ஊரில் இல்லாத பாறையா? இருந்தாலும் கூப்பிடுகிறார்கள், போகத்தான் வேண்டும். நேர அட்டவணையை நான் போட்டுக் கொடுத்தேன். எங்கே எத்தனை மணிக்குக் கிளம்புவது, எங்கே எவ்வளவு நேரம் நிறுத்துவது, எல்லாம். மாப்பிள்ளை அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "மாமா, இதுல பாத்ரூமுக்குக்கூட நேரம் போட்டிருக்கீங்க" என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

நான் முதல் நாளே தாமோதரன் வண்டியில் முன் இருக்கைக்குப் போய்விட்டேன். மாப்பிள்ளை வண்டியில் முன்னால் வடிவு உட்காருவாள், அவளை எழுப்ப முடியுமா? எனக்குப் பாதை தெரியவேண்டும் அம்மா, பின்னால் உட்கார்ந்தால் தலை சுற்றும். தாமோதரன், "வாங்க மாமா, நீங்க முன்னாடி உக்காந்தாத்தானுங்க எனக்குத் தைரியம்" என்பார். மரியாதை தெரிந்த ஆள். உலகம்மாள் — என் மனைவி — எந்த வண்டியில் இடமிருக்கிறதோ அதில் ஏறிக்கொள்வாள். காலையில் பேத்தியோடு ஒரு வண்டி, மத்தியானம் தாமோதரன் மனைவியோடு பேசிக்கொண்டு இன்னொரு வண்டி. அவளுக்கு என்று ஒரு இடம் இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வழக்கில் முக்கியமான விஷயம் இதுதான்.

இரண்டாம் நாள் பகல் பதினொன்றேகாலுக்கு ஒரு பாறை. பெயர் என் வாயில் நுழையவில்லை. செங்கல் சூளை நிறத்தில் ஒரு குன்று, அதன் நடுவில் ஓட்டை. ஓட்டை என்றால் சின்ன ஓட்டை இல்லை, இரட்டைத் தண்டவாளம் போட்டு இரண்டு ரயிலைப் பக்கத்தில் பக்கத்தில் விடலாம். யாரும் குடையவில்லையாம். காற்றும் மழையுமே குடைந்ததாம், லட்சக்கணக்கான வருஷம். சுற்றி வேறு எதுவும் இல்லை. மணல், முட்புதர், வானம். வண்டி நிறுத்துகிற இடத்திலிருந்து கால் மைல் நடை. அட்டவணையில் பதினைந்து நிமிடம்.

நடந்தோம். நான் முன்னால். எப்போதும் நான் முன்னால்தான். கோயிலானாலும் கல்யாண வீடானாலும் கடைத்தெருவானாலும் நான் பத்தடி முன்னால், அவள் பின்னால். நம் பக்கத்தில் யார் ஜோடி போட்டுக்கொண்டு நடக்கிறார்கள்? உங்கள் வீட்டில் எப்படி? ...சரி, உங்கள் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றீர்களே, மன்னிக்கவேண்டும். நாற்பத்து மூன்று வருஷத்தில் நான் திரும்பிப் பார்த்ததே இல்லை. தேவைப்படவில்லை. எஞ்சின் ஓட்டுகிறவன் முன்னால்தான் பார்க்கவேண்டும். பின்னால் பார்க்க அசிஸ்டெண்ட் இருக்கிறான், கார்டு இருக்கிறார். பெட்டி தானாக வரும்.

பாறைக்கு அடியில் போய்க் கையை வைத்தேன். தாமோதரன் போட்டோ எடுத்தார். ஏழு நிமிடம் ஆகியிருந்தது, திரும்பிவிட்டேன். வரும்போதும் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருந்தது அம்மா, சத்தியமாகச் சொல்கிறேன். வண்டிவரைக்கும் கேட்டது. பிறகுதான் தெரிந்தது, அது யாரோ ஒரு கொரியாக்கார அம்மாள்.

வண்டியில் ஏறினேன். தாமோதரன் ஏறினார், அவர் மனைவி ஏறினாள். அந்தப் பக்கம் மாப்பிள்ளை வண்டியில் வடிவு கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி எங்கள் வண்டியைப் பார்த்தாள். நான் கையை வெளியே நீட்டிக் காட்டினேன். ஆல் ரைட். முப்பத்தாறு வருஷப் பழக்கம், யோசித்துச் செய்வதில்லை. கார்டு பச்சைக்கொடி காட்டினால் டிரைவர் பதிலுக்குக் கை காட்டவேண்டும். காட்டிவிட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது, கிளம்பலாம் என்று அர்த்தம். பச்சைக்கொடியை யாரும் காட்டவில்லை, அது உண்மை. ஆனால் நான் கை காட்டிவிட்டேன். அப்பா கை காட்டிவிட்டார், அம்மா அந்த வண்டியில் இருக்கிறாள் என்று வடிவு நினைத்துக்கொண்டாள். அத்தை வடிவு வண்டியில் இருக்கிறார் என்று தாமோதரன் நினைத்துக்கொண்டார்.

சிரியுங்கள், பரவாயில்லை. எல்லோரும் இந்த இடத்தில் சிரிக்கத்தான் செய்கிறார்கள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டிவிட்டோம். நல்ல ரோடு, வளைவே இல்லை. நான் தாமோதரனுக்கு மணியாச்சி ஜங்ஷனில் ஒரு மாடு எஞ்சின் முன்னால் படுத்துக்கொண்டு நாற்பது நிமிடம் எழுந்திருக்காத கதையைச் சொல்லிக்கொண்டு போனேன். சாப்பாட்டுக்கு ஒரு இடத்தில் நிறுத்தினோம். மர மேஜை, மேலே ஒரு தகரக் கூரை. புளியோதரை டப்பாவைத் திறந்தார்கள். எனக்குச் சாப்பாட்டுக்கு முன்னால் சர்க்கரை மாத்திரை போடவேண்டும். உட்கார்ந்தபடியே கையைப் பின்னால் நீட்டினேன். எப்போதும் அப்படித்தான் நீட்டுவேன். மாத்திரை கையில் வந்து விழும், அடுத்து தண்ணீர் வரும்.

கையில் ஒன்றும் விழவில்லை.

இன்னும் கொஞ்சம் நீட்டினேன். "என்னளா, தூங்கிட்டியா?" என்றேன். அப்போதுதான் வடிவு என் கையைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"யப்பா, அம்மா எங்க?"

"உன் வண்டியில இல்லியா?"

"உங்க கூட இல்லியா?"

மாப்பிள்ளை புளியோதரைக் கரண்டியோடு எழுந்துவிட்டார். தாமோதரன் மனைவி, "ஐயையோ, பாறைகிட்டயா?" என்றாள். வடிவு போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறாள், சிக்னல் ஒரு கோடுகூட வரவில்லை. வந்தால்தான் என்ன, உலகம்மாளிடம் அமெரிக்காவில் பேசுகிற போன் கிடையாது. என் போன் போதும் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

திரும்பும்போது என்னை வடிவு தன் வண்டியில் பின்னால் உட்கார வைத்தாள். பிறகு முன்னால் பார்த்தபடியே கேட்டாள். "ஒண்ணு மட்டும் சொல்லுங்கப்பா. அம்மா இல்லைன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"மாத்திரை கேட்டப்ப."

மாப்பிள்ளைதான், "மாமாவுக்குத் தண்ணி குடு" என்றார். நான் வாங்கவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது அம்மா. நானும் மனுஷன்தானே? அறுபத்திரண்டு வயசுப் பொம்பிளை, முழங்கால் வலி, மொழி தெரியாத தேசம், பாம்பு உண்டு, தேள் உண்டு என்று போர்டு வேறு போட்டிருந்தார்கள். சங்கரன்கோவில் கோமதியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். வழியெல்லாம் ஒரே காட்சிதான் கண்ணில். ரோட்டோரத்தில் தலையில் கையை வைத்துக்கொண்டு அழுதுகொண்டு நிற்கிறாள், என்னைப் பார்த்ததும் ஓடி வருகிறாள். என்ன சொல்லித் தேற்றுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

போய்ச் சேர்ந்தோம். ரோட்டோரத்தில் யாரும் இல்லை. வண்டி நிறுத்துகிற இடத்தில் தொப்பி போட்ட ஒரு பெண் அதிகாரி நின்றுகொண்டிருந்தாள். வடிவு அழுதுகொண்டே ஓடிப்போய் அவளிடம் கேட்டாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டு பாறையைக் காட்டினாள். ஏதோ நீளமாகச் சொன்னாள். மாப்பிள்ளை எனக்குச் சொன்னார். "அத்தையை ஜீப்புல ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு ரெண்டு தடவை கூப்பிட்டாங்களாம். வேண்டாம், இங்கேயே நல்லா இருக்கு, என்னைத் தேடி வருவாங்கன்னு சொல்லிட்டாங்களாம்."

"யாரு சொன்னா?"

"அத்தைதான் மாமா."

"இங்கிலீஷ்லயா?"

"இங்கிலீஷ்லதான்."

அவள் இங்கிலீஷ் பேசி நான் கேட்டதே இல்லை. பி.ஏ. இரண்டாம் வருஷத்தோடு நிறுத்தி எனக்குக் கட்டிக் கொடுத்தார்கள், படித்தவள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பேசவேண்டிய இடத்திலெல்லாம் நான் பேசிவிடுவேன், அவளுக்கு அந்தச் சிரமம் வந்ததில்லை.

பாறைக்கு நடந்தோம். அப்போது வடிவு முன்னால் ஓடுகிறாள், நான் கடைசியில். அந்த ஓட்டையின் உள்பக்கத்தில், மேலே, ஒரு பத்துப் பதினைந்தடி உயரத்தில் ஒரு திட்டு. அதில் இரண்டு பெண்கள் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி தலை நரைத்த வெள்ளைக்காரி. இன்னொருத்தி வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். யாரடா இது என்று பார்த்தேன். சேலையை வைத்துத்தான் தெரிந்தது.

திருநெல்வேலி ஜங்ஷன் மேம்பாலத்தில் ஏறச் சொன்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு படிக்கு ஒருதரம் நிற்பவள் அம்மா அவள். எப்படி ஏறினாள்? வெள்ளைக்காரி கையைக் கொடுத்தாளாம். அவ்வளவுதான், ஏறிவிட்டாளாம்.

சிரித்துக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு பொம்பிளையைப் பாலைவனத்தில் தன்னந்தனியாக விட்டுவிட்டுப் போயிருக்கிறோம். இரண்டரை மணி நேரம். ஒரு சொட்டுக் கண்ணீர் வேண்டாமா? கோபமாவது வேண்டாமா? திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஏளா!" என்று கூப்பிட்டேன். அந்த இடத்தில் குரல் திரும்பித் திரும்பி வருகிறது. அவள் கீழே குனிந்து பார்த்தாள். ஸ்டேஷனில் நிற்கிறவர்கள், தாங்கள் ஏறப்போகாத ரயிலைப் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தாள். "வந்துட்டீங்களா? மாத்திரை போட்டீங்களா? பை என்கிட்டல்லா இருக்கு" என்றாள்.

வடிவு ஏறிப்போய் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுதவள் மகள், தேற்றியவள் தொலைந்துபோனவள். "எதுக்குட்டி அழுதே? நான் எங்க போயிட்டேன்? உக்காரு, காத்து எப்படி வருது பாரு" என்கிறாள்.

கீழே இறங்கி வந்த பிறகு கேட்டேன். கேட்காமல் இருக்க முடியுமா? "எங்க நின்ன? ஏன் நின்ன?"

"செருப்புல கல்லு. எடுத்துப் போட்டுட்டு நிமிர்ந்தேன். உங்க முதுகு தெரிஞ்சுது. எவ்வளவு தூரம் வரைக்கும் தெரியுதுன்னு பாத்துக்கிட்டே நின்னேன்."

"கூப்பிட்டிருக்கலாம்லா?"

"கூப்பிட்டா நீங்க திரும்பிடுவீங்களே" என்றாள்.

பாருங்கள், அந்த நேரத்திலும் எனக்குத் தொந்தரவு கூடாது என்று நினைத்திருக்கிறாள். அந்த மாதிரி மனுஷி அவள். இதைச் சொன்னால் வடிவு என்னை முறைக்கிறாள். மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். நீங்களும் ஏன் அம்மா அப்படிப் பார்க்கிறீர்கள்?

அந்த வெள்ளைக்காரிக்கு எழுபத்து நாலு வயசு. கனடாவாம். ஒரு வேனில் கட்டில், அடுப்பு எல்லாம் வைத்துக்கொண்டு தனியாக ஊர் ஊராகச் சுற்றுகிறாளாம். புருஷன்? இருக்கிறாராம், கனடாவில். நல்ல சினேகமாம். வாரம் ஒரு கடிதம் போடுவாளாம். உலகம்மாள் இதை எனக்கு ரொம்ப உற்சாகமாகச் சொன்னாள். அங்கே குடும்ப அமைப்பு அப்படி, நமக்குச் சரிவராது என்று நான் விளக்கினேன். "ஆமா, ஆமா" என்றாள். அந்தத் தொப்பியை வெள்ளைக்காரிதான் கொடுத்தாளாம். வீட்டுக்குள்ளும் இவள் அதைப் போட்டுக்கொண்டு நடமாடினாள், சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

கிளம்பும்போது "இன்னும் கொஞ்ச நேரம் இருப்போமா?" என்று கேட்டாள். ஏற்கெனவே மூன்று மணி நேரம் லேட். "என்னத்தப் பாக்க? ஓட்டையைத்தானே? பாத்தாச்சு" என்றேன். அவள் கையைப் பாறைமேல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். நான் வைத்த மாதிரி போட்டோவுக்கு இல்லை. ஜுரம் பார்க்கிற மாதிரி.

ஃபீனிக்ஸ் வந்த பிறகு கொஞ்சம் மாறித்தான் போனாள். காலையில் நடக்கப் போனாள், தனியாக. நானும் வருகிறேன் என்று ஒருநாள் கிளம்பினேன். "நீங்க வேகமா நடப்பீங்க, எனக்குச் சரிவராது" என்றாள். நியாயம்தான். நூலகத்துக்குப் பஸ்ஸில் போகக் கற்றுக்கொண்டாள். அங்கே ஏதோ புத்தகம் படிக்கிற கூட்டமாம், செவ்வாய்க்கிழமை. வடிவு அவளைப் பாஸ்போர்ட் அளவில் போட்டோ எடுக்கக் கூட்டிக்கொண்டு போனாள். பெரிய பெரிய படிவமாகச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்து அம்மாவும் மகளும் நாலு நாள் எழுதினார்கள். வடிவு இப்போது அந்த ஊர்க் குடிமகள், அதனால் ஏதோ சலுகை இருக்கிறதாம். எனக்கும் எழுதவேண்டுமா என்று கேட்டேன். "நீங்கதான் பாளையங்கோட்டையை விட்டு இருக்க மாட்டேன்னு சொல்லிட்டீங்களேப்பா" என்றாள். உண்மைதான், வந்த முதல் வாரமே சொல்லிவிட்டேன். இன்ஷூரன்ஸ் சம்பந்தமாக இருக்கும்.

பிறகு ஒருநாள் காப்பி ஆற்றிக்கொண்டே சொன்னாள். "இந்தத் தடவை நீங்க போங்க. நான் இருக்கேன்." முழங்காலுக்கு வைத்தியம் பார்க்கவா என்றேன். "ம்" என்றாள். பேத்திக்குத் துணையா என்றேன். அதற்கும் "ம்" என்றாள். சரி, மூன்று மாதம் இருந்துவிட்டு வரட்டும். நான் என்ன கொடுமைக்காரனா? முப்பத்தாறு வருஷம் லைனில் போனவன், டிபன் கேரியரை வைத்துக்கொண்டு டிரைவர்கள் தங்குகிற ரன்னிங் ரூமில் தனியாகப் படுத்தவன். எனக்கு மூன்று மாதம் ஒரு பொருட்டா?

விமான நிலையத்தில் அழுதாளா என்கிறீர்களா? அழுதாள். அது சொல்லவேண்டும். என் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துவிட்டு, ரொம்ப நேரம் அதையே பிடித்துக்கொண்டு நின்றாள். "உடம்பப் பாத்துக்கிடுங்க" என்றாள். நாற்பத்து மூன்று வருஷத்தில் நாலுபேர் முன்னால் அவள் என்னைத் தொட்டதில்லை. எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "சரி சரி, விடு, நேரமாச்சு" என்று சொல்லிவிட்டேன்.

இந்த நோட்டை அப்போதுதான் கொடுத்தாள். பாருங்கள். என்ன கையெழுத்து! நாலு நாளாக உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். மாத்திரை எது காலையில், எது ராத்திரி. மோட்டார் போட்டால் எத்தனை நிமிடத்தில் தொட்டி நிரம்பும். காஸ் யாரிடம் சொல்லவேண்டும். ரசம் வைப்பது எப்படி — ஒரு ஆளுக்கு என்று அளவு போட்டிருக்கிறாள். புளி நெல்லிக்காய் அளவாம், எலுமிச்சை அளவு போட்டுவிடாதீர்கள் என்று அடிக்கோடு. வீட்டுவேலை செய்கிற இசக்கியம்மாளுக்குத் தீபாவளிக்குச் சேலை, அவள் மகளுக்கு அடுத்த வருஷம் சித்திரையில் கல்யாணம், அதற்குத் தனியாக ஒரு பட்டு, பீரோவில் இரண்டாம் தட்டு, ரோஸ் நிறம். என் அப்பா திதி புரட்டாசியில், அம்மா திதி தையில். தேதி எனக்கு ஒருநாளும் நினைவில் இருந்ததில்லை, அவள்தான் சொல்லுவாள். அதையும் பஞ்சாங்கம் பார்த்துக் குறித்திருக்கிறாள், இந்த வருஷம், அடுத்த வருஷம், அதற்கும் அடுத்த வருஷம். சமையலுக்கு யாரைக் கூப்பிடுவது, அவர்கள் இல்லாவிட்டால் யாரை. என்ன முன்யோசனை பாருங்கள்! மூன்று மாதத்துக்குப் போய் இவ்வளவு எழுதுகிறவள் உலகத்தில் உண்டா?

என்ன கேட்டீர்கள்? மூன்று மாதம் என்று யார் சொன்னார்கள் என்றா? அவள்தான். வடிவு சொன்னாளோ? இருங்கள். டிக்கெட்டை மாற்றிவிட்டேன் என்று வடிவு சொன்னாள். எந்தத் தேதிக்கு என்று நான்... இல்லை, மூன்று மாதம் என்று நான்தான் சொன்னேன், "மூணு மாசம் இருந்துட்டு வா" என்று. அவள் மறுத்துப் பேசவில்லையே? அவள் எதற்குமே மறுத்துப் பேசியதில்லை அம்மா.

வருகிற தேதி இதில் எங்கேயாவது இருக்கும். எல்லாம் எழுதுகிறவள் அதை எழுதாமல் விடமாட்டாள். நான் இரண்டுதரம் புரட்டிவிட்டேன், என் கண்ணாடி சரியில்லை. நீங்கள் கொஞ்சம் பாருங்கள். முதல் பக்கத்திலிருந்தே பாருங்கள், ஓரத்தில் எங்கேயாவது பொடி எழுத்தில் போட்டிருப்பாள். எந்த ஸ்டேஷனுக்கு வரவேண்டும், எத்தனை மணிக்கு என்று. அந்த நேரத்துக்கு அரை மணி முன்பே போய் நான் பிளாட்பாரத்தில் நின்றுவிடுவேன்.